பாறையில் ஏழு பேர்

கோக்-பெல், ஜூன் 19, 2004

பேராசிரியர் சம்பந்தி அவர்களுக்கு,

சலாம். பேப்பரில் நீங்கள் எழுதிய கட்டுரை நேற்றுதான் இந்த மலைக்கு வந்து சேர்ந்தது. மினிபஸ் டிரைவர் அதில் வெண்ணெய் சுற்றிக் கொண்டுவந்தான். கறை படாத இடங்களைப் படித்தேன்.

'அர்ச்சாலூ தேசியப் பூங்காவில் ஒரு நாள்' என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். ஒரு நாளா? காலை பதினொரு மணிக்கு மூன்று ஜீப்பில் வந்தீர்கள், நாலரைக்குக் கிளம்பிவிட்டீர்கள். அதில் மூன்று மணி நேரம் என் கம்பளிக் கூடாரத்தில் உட்கார்ந்து ஆட்டுக்கறியும் குதிரைப்பாலும். சூரியத்தலைப் பாறைக்கு இருபது நிமிஷம், அதுவும் கயிற்றுக்கு வெளியே நின்று, படிக்கிற கண்ணாடியை ஜீப்பிலேயே விட்டுவிட்டு. உங்களோடு வந்த அம்மாள்கள் பள்ளத்தாக்கைப் பார்த்துக் கத்தி எதிரொலி கேட்டார்கள். வளைக்குள் ஓடின மர்மோட் அணில்கள் மூன்று நாள் வெளியே தலைகாட்டவில்லை.

இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "மூவாயிரம் வருடத்துச் சித்திரங்களுக்கு மேல் எவனோ ஒரு காட்டுமிராண்டி, தகரக் கூரைக்கு அடிக்கும் சிவப்பு பெயின்டால் பெயர்களைக் கிறுக்கி வைத்திருக்கிறான். இவனைப் பெற்றவர்கள் என்ன சொல்லி வளர்த்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. காவலர்களோ தூங்குகிறார்கள்."

கேட்கத் தோன்றினால் கேட்டுவிடுங்கள், வெகுதூரம் போக வேண்டாம். நீங்கள் படிக்காமல் விட்ட பெயர்களை மேலிருந்து கீழாக எழுதுகிறேன்: எல்டியார், இஸ்காக், ஷர்ஷென், கடிர், போரொன்பாய், அக்ஜால், மெண்டி.

இரண்டாவது பெயர் யாருடையது என்று தெரிகிறதா? உங்களுடையது. முதல் பெயர் உங்கள் மகன். ஏழு வருடத்துக்கு முன், கல்யாணமான மறுநாள் இங்கே வந்த மாப்பிள்ளை, "பொறக்கப்போற பிள்ளைக்கு ஏழு தலைமுறை அப்பன் பேரையும் இப்பவே எழுதி வெச்சிடறேன் மாமா" என்று நண்பர்களோடு போய்க் கிறுக்கியது அது. பெயின்ட் என் வீட்டுக் கூரைக்கு நான் வாங்கி வைத்தது. பிள்ளைக்கு இரண்டு வயதானபோது ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனான். நாலு வருடமாக ஒரு வரி இல்லை. பாறையில் மட்டும் இருக்கிறான்.

இன்னொன்று. சாப்பாட்டுக்கு முன் உங்கள் கையில் தண்ணீர் ஊற்றிய சின்னப் பெண்ணை, "யாரம்மா நீ, எந்த வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டீர்கள். அவள் உங்கள் பேத்தி அக்மரால். ஜீப் வரும் சத்தம் கேட்டதிலிருந்து "தாத்தா வராரு, தாத்தா வராரு" என்று குதித்துக்கொண்டிருந்தவள். மரியாதைக்கு ஆட்டுத்தலையை உங்கள் முன்னால் வைத்தேன். தலை வாங்கியவர் காதை அறுத்துப் பிள்ளைக்குக் கொடுப்பது வழக்கம். காதையும் நீங்களே தின்றீர்கள்.

இப்படிக்கு,
தூங்குகிற காவலன் தொரோபாய்

பிஷ்கெக், ஜூலை 2, 2004

மதிப்பிற்குரிய தொரோபாய் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. முப்பது வருடமாக மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தியவன் என்ற முறையில் தங்கள் எழுத்துப் பிழைகளைப் பொருட்படுத்தவில்லை.

கட்டுரையில் திருத்தம் வெளியிடும் உத்தேசம் எனக்கு இல்லை. கிறுக்கியது யார் என்பது இரண்டாம்பட்சம். பாறையைக் காப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒருவர் அதை ஏழு வருடமாக அழிக்காமல் வைத்திருந்தார் என்பதே முதல் கேள்வி. தாங்கள் ஆட்டுத்தலையின் காதைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் மானுட நாகரிகத்தைப் பற்றி எழுதுகிறேன். நம் இருவர் அக்கறைகளும் வேறு.

பூங்காவைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிப்பது பற்றி முடிவு செய்ய செப்டம்பரில் நிபுணர் குழு வருகிறது. நானும் அதில் உறுப்பினன். அதற்குள் பாறை சுத்தமாக வேண்டும். பெயின்ட் கரைப்பானும் பருத்தித் துணியும் மட்டுமே பயன்படுத்தவும். இரும்புத் தேய்ப்பானை எடுத்துக்கொண்டு பாய்ந்துவிடாதீர்கள். தங்களைப் போன்றவர்களின் உற்சாகம் எனக்குத் தெரியும்.

தாங்கள் தந்த பெயர்ப் பட்டியலில் பிழை இருக்கிறது. பார்த்து எழுதும்போது தவறியிருக்கலாம். எங்கள் வம்சத்தில் யாரும் ஏழு பேரைத் தப்பாகச் சொன்னதில்லை.

பேத்தியை அடையாளம் தெரியாமல் போனதற்கு, அவள் முகத்தில் பாதி புழுதியாக இருந்தது காரணம். இது என் மனைவி குலாய்முக்கும் எனக்கும் கவலை தருகிறது. முதல் பேரப்பிள்ளை தந்தை வழித் தாத்தா வீட்டில் வளர்வது நம் மக்களின் வழக்கம் என்பதைத் தங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. செப்டம்பர் ஒன்றாம் தேதி பள்ளி திறக்கிறது. எங்கள் தெருவிலேயே நல்ல பள்ளி இருக்கிறது. குழந்தையை அனுப்பி வைக்கவும். அவள் தாயைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

இஸ்காக் ஷர்ஷெனொவ்

கோக்-பெல், ஜூலை 15, 2004

பேராசிரியர் சம்பந்திக்கு,

பட்டியலில் பிழை இல்லை. உங்கள் கடிதம் வந்த அன்றே மறுபடி மேலே போய், ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். நான் எழுதியதுதான் அங்கே இருக்கிறது.

ஏன் அழிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். எல்டியார் போன முதல் வருடம், என் மகள் பெர்மெட் சாயங்காலங்களில் மேலே போய் அந்தப் பாறைக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள். மகள் உட்கார்ந்து பார்க்கிற ஒன்றை அப்பன் எப்படித் துடைப்பது? அப்புறம் அவள் போவதை நிறுத்திவிட்டாள். சரி, இப்போது துடைக்கலாம் என்று டின்னையும் துணியையும் எடுத்துக்கொண்டு போனேன். அக்மரால் என் பின்னாலேயே வந்தாள். நாலு வயது. "இது என்ன எழுத்து?" என்றாள். சொன்னேன். அடுத்ததைக் கேட்டாள். அவள் எழுத்துப் படித்ததே அந்தப் பாறையில்தான். இப்போது ஏழு பேரையும் மூச்சு விடாமல் சொல்கிறாள்.

அழித்துவிட்டால் அவளுக்கு அப்பன் வழி எங்கிருந்து வரும்? நீங்களா வந்து சொன்னீர்கள்? நாளைக்கு இவளைக் கட்டிக்கொடுக்கும்போது பையன் வீட்டார் முதலில் கேட்கப்போவது அந்த ஏழு பேரைத்தான். ஏழு தலைமுறைக்குள் இரத்தம் கலந்துவிட்டால் அந்த அசிங்கத்தை யார் கழுவுவது? எத்தனையோ நாட்டுப் பாறைகளைப் படித்தவர் நீங்கள். உங்கள் பேத்திக்கு அவள் வம்சத்தைச் சொல்லிக்கொடுத்தது என் கூரை பெயின்ட்.

முகத்தில் புழுதி இருந்ததாம். இது மலை. உங்கள் ஜீப் கிளப்பிய புழுதி அது.

பெர்மெட்டிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். பூங்கா வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். படித்துவிட்டுச் சொன்னாள்: "அவங்களுக்குப் பேத்தி வேணுமாம்பா, நான் வேணாமாம். கம்பளிய மட்டும் கேக்கறாங்க, ஆடு எக்கேடோ கெட்டுப் போகட்டும்னு." நான் பதில் எழுதுவதாகச் சொன்னேன். எழுதிவிட்டேன். பிள்ளை வர மாட்டாள்.

எல்டியார் எங்கே இருக்கிறான்? உங்களுக்குக் கடிதம் போடுகிறானா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை போதும். நாகரிகம் பற்றிய வியாக்கியானம் வேண்டாம்.

தொரோபாய்

பிஷ்கெக், ஜூலை 30, 2004

தொரோபாய் அவர்களுக்கு,

எல்டியார் நலமாக இருக்கிறான் என்றே நம்புகிறோம். அது இப்போதைய விஷயம் அல்ல.

தாங்கள் பிள்ளை வர மாட்டாள் என்று எழுதிய அதே வாரத்தில், தங்கள் மகள் பெர்மெட் எனக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். தங்களுக்குத் தெரியாது போலும். அவள் வார்த்தைகளையே தருகிறேன்: "எங்க ஊர் டீச்சர் கஜகஸ்தானுக்குப் போயிட்டாங்க. பள்ளிக்கூடம் திறக்குமான்னே தெரியல. அக்மரால் நல்லாப் படிக்கிற பொண்ணு. நான் அழுதுட்டு இருந்துப்பேன், அது பெரிய விஷயம் இல்ல. வந்து கூட்டிட்டுப் போங்க. அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

தாங்கள் என்னிடம் காட்டும் வீராப்பில் பாதியைத் தங்கள் வீட்டு நிலவரத்தை அறிவதில் காட்டியிருக்கலாம். ஆகஸ்ட் 26 அன்று வருகிறேன். குழந்தையின் துணிமணிகள் தயாராக இருக்கட்டும். பழைய துணிகளை வைக்க வேண்டாம், இங்கே வாங்கிக்கொள்வோம்.

இஸ்காக்

கோக்-பெல், ஆகஸ்ட் 8, 2004

சம்பந்திக்கு,

ஜெயித்துவிட்டீர்கள். வாருங்கள்.

பெர்மெட்டிடம் கேட்டேன். மறைக்கவில்லை. "நீ என்னப்பா படிச்ச? நான் என்ன படிச்சேன்? அவளும் இந்தக் கேட்டுலயே உக்காந்து, பாட்டிலக் கீழ போடாதீங்க சார், பாட்டிலக் கீழ போடாதீங்க சார்னு கத்திட்டு இருக்கணுமா?" என்றாள். பனிச்சிறுத்தையின் கால்தடத்தை வைத்து அது எத்தனை நாள் பட்டினி என்று சொல்லிவிடுவேன். அவள் கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களிடம் போய் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதிவிடுகிறேன். என் மனைவி போனபின் இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்று இருப்பது அந்தப் பிள்ளையுடையதுதான். நீங்கள் அவளை மோசமாக வைத்துக்கொள்வீர்கள் என்று நினைக்கவில்லை. பாசிமணியை அலமாரியில் வைப்பதுபோல் வைத்துவிட்டு மறந்துபோவீர்கள். உங்கள் மகனை அப்படித்தான் வளர்த்தீர்கள். நிச்சயத்தன்று, இனி சம்பந்திகள் என்பதற்கு அடையாளமாக, ஆட்டின் வால்கொழுப்பையும் ஈரலையும் ஒரே தட்டிலிருந்து தின்றோமே, அப்போதே தெரிந்தது. தட்டைப் பார்த்தீர்கள், கடிகாரத்தைப் பார்த்தீர்கள், என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எனக்கு அன்று முதல் உங்களைப் பிடிக்காது. வருகிறவர் அதையும் தெரிந்துகொண்டே வாருங்கள்.

பாறையை இன்னும் துடைக்கவில்லை. நீங்கள் ஒரு தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். பிறகு துடைக்கிறேன்.

தொரோபாய்

கோக்-பெல், செப்டம்பர் 1, 2004

சம்பந்திக்கு,

உங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை. பெண் பார்க்க வந்துவிட்டுப் பதில் சொல்லாமல் எழுந்து போகிற மாப்பிள்ளை வீட்டார்கூட ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள்.

வந்தீர்கள். பிள்ளைக்குப் பையும் பென்சில் டப்பாவும் கொண்டுவந்தீர்கள். "பாறைய காட்டறேன் வாங்க தாத்தா" என்று அவள் உங்கள் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனாள். நான் கீழே குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சத்தமாக ஏழு பேரையும் சொல்வது கீழே வரை கேட்டது. அரை மணி கழித்து நீங்கள் தனியாக இறங்கி வந்தீர்கள். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. "இந்த வருஷம் வேண்டாம்" என்று பெர்மெட்டிடம் சொன்னீர்கள். ஜீப் போய்விட்டது.

அக்மரால் மூட்டையோடு மூன்று நாள் கேட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். "நான் எங்கயாவது தப்பா சொல்லிட்டேனா அம்மா? தாத்தாவுக்குக் கோபமா?" என்று பெர்மெட்டை நச்சரித்துவிட்டாள். இன்று பள்ளி திறக்கிற நாள். பிஷ்கெக்கிலும் சேரவில்லை, இங்கேயும் சேரவில்லை. உங்களுக்குப் பிடிக்காமல் போனது எது? புழுதியா? குழந்தை காலில் நீங்கள் எதிர்பார்த்த செருப்பு இல்லையா? ஒன்று கேட்டுப் பிடுங்குகிறீர்கள், கொடுத்தால் போட்டுவிட்டுப் போகிறீர்கள். உங்கள் மகன் யாரிடம் கற்றான் என்பதில் எனக்கு இனிமேல் சந்தேகமே இல்லை.

காரணத்தை எழுதுங்கள். எனக்காக வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது சொல்ல வேண்டும்.

தொரோபாய்

பிஷ்கெக், செப்டம்பர் 16, 2004

தொரோபாய்,

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில். குழந்தை ஒரு தப்பும் செய்யவில்லை. பாறையில் இருப்பதை இருக்கிறபடி சொன்னாள்.

அக்ஜால் என்று என் வம்சத்தில் மனிதர் யாரும் இல்லை. அது என் அப்பா ஷர்ஷெனுடைய குதிரை. வெள்ளைப் பிடரி. அவர் எதற்கெடுத்தாலும் "அக்ஜால் மேல ஆணை" என்பார், சாப்பாடு ருசியாக இருந்தாலும், மழை வராது என்று சொல்வதற்கும். எல்டியார் சின்ன வயதில் கோடை முழுக்க அவரிடம்தான் இருந்தான். இப்படி ஆணை வைக்கப்படுகிறவர் ஏதோ பெரிய மூதாதை என்று நினைத்திருக்கிறான். போரொன்பாயின் அப்பா ஜானிபெக். அந்தப் பெயரை அவன் கேள்விப்பட்டதே இல்லை. யார் சொல்லியிருக்க வேண்டும்? நான். நான் அந்த வருடங்களில் எந்தெந்தப் பழங்குடி எந்தெந்தப் பாறையில் தன் மூதாதையை வரைந்தது என்று புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் ஜூனில் பட்டியலை அனுப்பியபோதே எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள்மேல் பிழை போட்டேன். நேரில் போனால் வேறு ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். குழந்தை "அக்ஜால்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள், பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், சரியா என்று. நான் "சரிதான்" என்றேன். ஆறு வயதுப் பிள்ளையிடம் பொய் சொன்னேன், என் மானத்துக்காக. அதற்குமேல் அவளை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் எங்கள் வம்சம் என்று யாரிடம் காட்டுவது?

இன்னொரு பொய்யும் இருக்கிறது. எல்டியார் எனக்குக் கடிதம் போடுகிறான். நோவோசிபிர்ஸ்கில் ஒரு ரஷ்யப் பெண்ணோடு குடும்பம் நடத்துகிறான். இரண்டு வருடமாகிறது, ஒரு பிள்ளையும் இருக்கிறது. திரும்பி வர மாட்டான். குலாய்ம் அழுது அழுது, அக்மராலாவது வேண்டும் என்றாள். நானும் சரி என்றேன். பெர்மெட்டை நாங்கள் நினைக்கவே இல்லை. நான் உங்களை எப்போதும் ஆட்டிடையனாகத்தான் பார்த்தேன், இப்போதும் முழுவதும் மாறிவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் என்னைப் பற்றி நான் வைத்திருந்த அபிப்பிராயம் போய்விட்டது.

போன வாரம் குழுவில், கிறுக்கியது என் மகன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகிவிட்டேன். அவர்கள் வருவது வசந்தத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. பாறையைத் துடைத்துவிடுங்கள். குழந்தைக்கு ஜானிபெக் என்ற பெயரைச் சொல்லிக்கொடுங்கள். பெர்மெட்டிடம் சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கோழைத்தனத்தையும் உங்கள் தலையில் வைக்கிறேன்.

இஸ்காக்

கோக்-பெல், அக்டோபர் 9, 2004

சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை உங்களை அடிக்க வேண்டும் போலிருந்தது. மூன்றாம் தடவையும் அப்படித்தான் இருந்தது, ஆனால் கொஞ்சம் மெதுவாக.

பெர்மெட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நோவோசிபிர்ஸ்க், அந்தப் பெண், பிள்ளை எல்லாம் சொல்லி முடிக்கிற வரை கை நிற்கவில்லை. "தெரியும்பா," என்றாள். "போன வருஷம் அங்க வேலைக்குப் போயிட்டு வந்த பையன் சொன்னான். உனக்கு வருத்தமா இருக்கும்னு நான் சொல்லல." என்னிடம் மறைத்தவர்கள் வரிசையில் நீங்கள் தனியாக இல்லை. குதிரை விஷயத்துக்கு வந்தபோதுதான் கையை மாவிலிருந்து எடுத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நாலு வருடத்தில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. கடைசியில் அழுகையும் வந்தது, ஆனால் சிரிப்புத்தான் அதிகம்.

பாறையைத் துடைத்தாகிவிட்டது. நாலு நாள் வேலை. இரும்புத் தேய்ப்பான் தொடவில்லை. பெயின்டுக்கு அடியில் இரண்டு மலையாடுகள் இருந்தன, இத்தனை வருடமாக எங்களுக்கே தெரியாது. உங்கள் குழு வந்தால் பார்க்கட்டும். கத்தாமல் பார்த்தால் நல்லது.

பள்ளிக்கூட விஷயம். பெர்மெட் கீழே பெரிய கிராமத்தில் ஓர் அறை பிடித்துவிட்டாள். குளிர்காலம் முழுக்கப் பிள்ளையோடு அங்கேதான் இருக்கப்போகிறாள், அங்கேயே பேக்கரியில் வேலை. என்னை யாரும் கேட்கவில்லை. நான் சனிக்கிழமைகளில் குதிரையில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. பரவாயில்லை, பிஷ்கெக் அளவுக்குத் தூரம் இல்லை.

சேர்க்கப் போன அன்று நானும் கூட இருந்தேன். முந்தின நாளே பிள்ளைக்கு ஜானிபெக் பெயரைச் சொல்லிக்கொடுத்து, அக்ஜால் குதிரை என்றும் சொல்லிவிட்டோம். இத்தனை நாள் ஒரு குதிரையும் தன் தாத்தாக்களில் ஒன்றாக இருந்ததில் அவளுக்கு ஒரே பெருமை. விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "எட்டு வருதும்மா, ஏழுதான இருக்கணும்? யாரை எடுக்கறது?" என்று கேட்டாள். பெர்மெட் அவள் காதில் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் டீச்சரம்மா எல்லாப் பிள்ளைகளையும் போல இவளையும் ஏழு பேரைச் சொல்லச் சொன்னார். எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னாள்: "இஸ்காக், ஷர்ஷென், கடிர், போரொன்பாய், ஜானிபெக், அக்ஜால், மெண்டி."

நானும் கூடவே எண்ணினேன். ஏழு சரியாக இருந்தது. குதிரை இருக்கிறது. உங்கள் மகன் இல்லை.

தொரோபாய்